வெள்ளிநிற இலைகொண்ட கலப்பினச் சதைப்பற்றுத் தாவரங்கள்: தோட்ட வளர்ப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் செடிகளைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

இலையிலோ தண்டிலோ நீரைச் சேமித்து வைத்து வறட்சியைத் தாங்கும் தாவரங்களைச் சதைப்பற்றுத் தாவரங்கள் என்கிறோம். அவற்றுள் இரண்டு இனங்களையோ இரண்டு பேரினங்களையோ சேர்த்து வளர்ப்பாளர்கள் உருவாக்கிய கலப்பினங்களில், இலைகள் வெள்ளி, வெண்சாம்பல், நீலச்சாம்பல் ஆகிய நிறங்களில் ஒளிரும் வகைகளே இங்குள்ள கேள்விகளுக்குப் பொருளாகின்றன. தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படுபவை கிராசுலேசி குடும்பத்தைச் சேர்ந்த எச்செவேரியாவும் அதன் உறவுகளும் ஆகும். எச்செவேரியாவும் கிராப்டோபெட்டாலமும் சேர்ந்தால் கிராப்டோவேரியா, எச்செவேரியாவும் பேக்கிஃபைட்டமும் சேர்ந்தால் பேக்கிவேரியா, எச்செவேரியாவும் செடமும் சேர்ந்தால் செடிவேரியா என்று இரு பெற்றோரின் பெயர்களையும் இணைத்தே கலப்பினத்துக்குப் பெயர் சூட்டுவது வழக்கம். கற்றாழையைப் போலத் தோன்றினாலும் அதனோடு நெருங்கிய உறவில்லாத அகேவ் தாவரத்தையும் மான்ஃப்ரெடாவையும் சேர்த்து உருவாக்கிய மங்காவே என்னும் பெரிய செடிகளிலும் வெள்ளிப்பொடி பூசிய வகைகள் உண்டு.

எச்செவேரியா பேரினத்துக்கு அப்பெயரை 1828இல் சூட்டியவர் தாவரவியலாளர் அகஸ்டின் டி கான்டோல். மெக்சிகோவின் தாவரங்களை வரைந்த ஓவியர் அத்தனாசியோ எச்செவேரியாவின் நினைவாக அப்பெயர் அமைந்தது. இக்குடும்பத்தின் மெக்சிகோ இனங்கள் தம்முள் மிக எளிதாகக் கலக்கும் இயல்புடையவை என்பதனால்தான் இன்று எண்ணற்ற கலப்பினங்கள் நமக்குக் கிடைக்கின்றன.

இலைக்கு வெள்ளிநிறம் எங்கிருந்து வருகிறது?

இந்த ஒரு கேள்விக்கான விடையை நன்றாகப் புரிந்துகொண்டவர் மற்றக் கேள்விகளில் பாதிக்குத் தாமே விடை கண்டுவிடுவார். இலையின் உள்ளே வெள்ளிநிறச் சாயம் எதுவும் இல்லை. இலையின் வெளித்தோல் சுரக்கும் மெழுகு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்களாகவும் செதில்களாகவும் மேற்பரப்பில் படிகிறது. ஒளி அத்துகள்களில் பட்டு நாற்புறமும் சிதறுவதால் அடியிலுள்ள பச்சை மங்கி, வெண்மையோ சாம்பலோ நீலமோ நம் கண்ணுக்குப் புலப்படுகிறது. இந்த மெழுகுப் படிவை இங்கே வெண்பொடி என்று குறிப்பிடுவோம்.

வெண்பொடி அழகுக்காக அமைந்ததன்று. கடும் வெயிலின் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்புகிறது, இலையிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது, மழைத்துளி இலையில் தங்காமல் உருண்டோடச் செய்கிறது, பூஞ்சை வித்துகள் ஈரத்தோடு இலையில் ஒட்டிக்கொள்வதையும் ஓரளவு தடுக்கிறது. எச்செவேரியாவின் உறவான டட்லியா பிரிட்டோனி என்னும் இனத்தின் வெண்பொடி, தன்மீது விழும் புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்புவதாக அளவிடப்பட்டுள்ளது. தாவர உலகில் இது வியக்கத்தக்க அளவாகும்.

எல்லா வெள்ளிநிறமும் மெழுகினால் வருவதில்லை. கலங்கோ டொமெண்டோசா போன்றவற்றில் இலை முழுவதும் அடர்ந்திருக்கும் மெல்லிய உரோமங்களே வெண்மையைத் தருகின்றன. ஒரு செடியை வாங்கியவுடன் அதன் வெண்மை பொடியா, உரோமமா என்று கூர்ந்து பார்த்து அறிந்துகொள்வது நல்லது. பொடியுள்ள இலையில் நீர் வழுக்கி ஓடிவிடும், உரோமமுள்ள இலையிலோ அது சிக்கித் தங்கிவிடும் என்பதால், இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றும் முறையில் வேறுபாடு தேவைப்படுகிறது.

விரல் பட்ட இடத்தில் பொடி அழிந்துவிட்டது. மீண்டும் வருமா?

முழுதாக வளர்ந்துவிட்ட இலையில் அது பழையபடி வருவதில்லை. வந்தாலும் மிகக் குறைவாகவே வரும். நடுவிலிருந்து புறப்படும் புதிய இலைகள் முழுப் பொடியோடு விரியும் என்பதால், பழுதுபட்ட இலைகள் வெளிப்புறம் நகர்ந்து காய்ந்து உதிரும்வரை பொறுத்திருப்பதே வழி. செடி அதனால் இறந்துவிடாது. ஆனால் பொடி இழந்த இலை வெயிலில் எளிதில் கருகக்கூடும் என்பதால், பெரும்பகுதி அழிந்த செடியைச் சில வாரங்கள் மென்மையான ஒளியில் வைத்திருப்பது நலம்.

இடம் மாற்றும்போது இலையைப் பிடிக்காமல் தொட்டியையோ வேர்க்கட்டியையோ தண்டின் அடியையோ பிடிக்க வேண்டும். வேறு வழியில்லாதபோது, மெல்லிய காகிதத்தை மடித்துக் கடைசி அடுக்கு இலைகளின் அடிப்புறத்தில் மட்டும் தாங்கிக்கொள்ளலாம். இலைமேல் மண் விழுந்தால் துடைக்கக் கூடாது. ஊதுகுமிழால் ஊதி அகற்றலாம், அல்லது மிக மென்மையான தூரிகையின் நுனியால் மண்துகளை மட்டும் தட்டிவிடலாம்.

புதிதாக வளர்க்கத் தொடங்குபவர் எந்த வகைகளைத் தேர்ந்தெடுக்கலாம்?

படங்களைப் பார்த்து மயங்கி, மிக அடர்ந்த பொடியுள்ள செடியை முதலில் வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பொடி எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவுக்குக் காற்றோட்டத்தையும் வறண்ட சூழலையும் அச்செடி எதிர்பார்க்கும். தொடக்கத்தில் கிராப்டோபெட்டாலம் பராகுவாயென்சேயின் வழிவந்த கலப்பினங்களே சிறந்தவை. பெயரில் பராகுவே இருந்தாலும் இந்த இனத்தின் தாயகம் மெக்சிகோதான். மண், வெயில், நீர் ஆகியவற்றில் ஏற்படும் சிறு பிழைகளை அது பொறுத்துக்கொள்ளும். அதன் குணம் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. அதையும் எச்செவேரியா கிப்பிஃப்ளோராவையும் சேர்த்து உருவான ‘ஃப்ரெட் ஐவ்ஸ்’ என்னும் கிராப்டோவேரியா, சாம்பலும் செம்பும் ஊதாவும் கலந்த பெரிய இலைக்கொத்தாக வளர்ந்து, நிலத்தில் நட்டால் சில ஆண்டுகளில் பக்கக்கன்றுகளோடு புதராகவே பரவிவிடும். தோட்டத்துக்கு ஒரே ஒரு செடிதான் என்றால் இதையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம்.

அடுத்த நிலையில், கிராப்டோபெட்டாலம் அமெதிஸ்டினமும் எச்செவேரியா கொலராட்டாவும் சேர்ந்த ‘ஓபலைனா’ என்னும் கிராப்டோவேரியாவை வளர்க்கலாம். பருத்த இலைகளும் பால்நிறப் பூச்சும் இளஞ்சிவப்பு விளிம்பும் உடைய இச்செடி தொட்டியிலும் பாறைத்தோட்டத்திலும் நன்றாக இருக்கும். நுனியில் நீண்ட மயிர் போன்ற முனைகளும் நெருக்கமான இலைகளும் கொண்ட ‘சில்வர் ஸ்டார்’ கிராப்டோவேரியா பெயருக்கேற்ப வெள்ளிநிறமுடையது. ஆனால் இலைகள் மிக நெருங்கியிருப்பதால் நடுவில் நீர் தங்கினால் விரைவில் அழுகும், எனவே அதற்குக் கூரையின் ஓரமே தக்க இடம். எச்செவேரியா லாயியையும் எச்செவேரியா லிண்ட்சயானாவையும் சேர்த்த ‘லாவ்லிண்ட்சா’, வெண்மையில் ஏறக்குறைய மற்றெல்லாவற்றையும் விஞ்சக்கூடியது. இதை ஓரிரண்டு ஆண்டு அனுபவம் கிடைத்த பிறகு வளர்ப்பதே முறை.

பெரிய இடமும் திறந்த வெயிலும் உள்ளவர்களுக்கு மங்காவே ஏற்றது. பெற்றோரான அகேவைவிட விரைவாக வளரும், முட்கள் பெரும்பாலும் மென்மையாக இருக்கும், ‘சில்வர் ஃபாக்ஸ்’ போன்ற வகைகள் வெண்சாம்பல் நிறத்தில் நிலத்தை நிரப்பும்.

நேரடியாக நிலத்தில் நடலாமா?

நடலாம், ஆனால் சமதளத்தில் குழி தோண்டி நடுவதைத் தவிர்க்க வேண்டும். குழியில் நல்ல கலவையை நிரப்பினாலும் சுற்றியுள்ள களிமண் நீரை விடாமல் தாங்கி, அக்குழியைத் தொட்டியாக்கிவிடும். தரைமட்டத்துக்கு மேல் 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்து அதன்மேல் நடுவதே பாதுகாப்பானது. மேட்டின் சரிவில், இலைக்கொத்து சற்றே சாய்ந்திருக்குமாறு நட்டால் நடுவில் விழும் மழைநீர் தானே வழிந்துவிடும். இயற்கையில் இவற்றின் மூதாதையரில் பல செங்குத்தான பாறை இடுக்குகளில் இப்படிச் சாய்ந்தே வளர்கின்றன என்பதால், பாறைகளுக்கு இடையே நடுவது அழகுக்கும் நலத்துக்கும் ஒருசேரப் பொருந்துகிறது.

நட்டபின் செடியின் கழுத்தைச் சுற்றிலும் 2 அல்லது 3 செ.மீ. கனத்துக்குச் சிறு சரளைக்கற்களைப் பரப்ப வேண்டும். கீழ் இலைகள் ஈரமண்ணைத் தொடாமல் அது காக்கும். மழை அடிக்கும்போது சேறு தெறித்து வெண்பொடியைக் கறைப்படுத்துவதையும் தடுக்கும். மரச்சீவலையோ வைக்கோலையோ மூடாக்காக இடக் கூடாது, அவை ஈரத்தைத் தேக்கும். கருநிறக் கற்கள் வெள்ளி இலைகளை எடுப்பாகக் காட்டும் என்றாலும், வெப்பம் மிகுந்த இடங்களில் அவை மிகவும் சூடாகிக் கீழ் இலைகளை வாட்டும். அங்கே மங்கிய பழுப்பு நிறக் கற்களே நல்லவை.

மண்கலவை எப்படி இருக்க வேண்டும்?

கலவையில் குறைந்தது பாதி, ஈரம் மிகுந்த இடங்களில் முக்கால் பங்குவரை, கனிமத் துகள்களாக இருக்க வேண்டும். 3 முதல் 6 மி.மீ. அளவுள்ள நுரைக்கல், பெர்லைட், உடைந்த செங்கல், எரிமலைக்கல், பருமணல் ஆகியவற்றுள் கிடைப்பதைப் பயன்படுத்தலாம். மீதியை மக்கிய உரமும் தோட்டமண்ணும் நிரப்பட்டும். மெல்லிய மணல் இதற்கு உதவாது. அது துகள்களுக்கிடையிலுள்ள காற்றிடங்களை அடைத்துக்கொண்டு கலவையை இறுக்கிவிடும். தென்னை நார்க்கழிவை மட்டும் நிரப்பிய தொட்டிகளில் விற்கப்படும் செடிகளை வாங்கிய சில நாட்களுக்குள் கலவை மாற்றிவிடுவது நல்லது. முற்றிலும் உலர்ந்த நார்க்கழிவு எளிதில் நீரை ஏற்காது. ஏற்றுக்கொண்டபின் வெகுநாள் விடாது.

தொட்டி என்றால் அடியில் துளையுள்ள சுடுமண் தொட்டி, வேர்க்கட்டியைவிடச் சற்றே பெரிதாக. அடியில் தனியாகச் சரளைக்கல் அடுக்கு இடுவதால் வடிகால் மேம்படுவதில்லை.

எவ்வளவு வெயில் தேவை?

நாளொன்றுக்கு 4 முதல் 6 மணி நேரம் நேரடி வெயில் பெரும்பாலான கலப்பினங்களுக்குப் போதும். அதைக் காலை வெயிலாகக் கொடுக்க முடிந்தால் மிகச் சிறப்பு. ஒளி குறைந்தால் இலைகள் விரிந்து கீழ்நோக்கித் தொங்கும், கொத்தின் நடுத்தண்டு நீண்டு வெளியே தெரியும், வெள்ளிநிறம் மங்கிப் பச்சை மேலெழும். இவற்றுள் முதல் அறிகுறி தோன்றிய உடனேயே இடத்தை மாற்ற வேண்டும், ஏனெனில் நீண்டுவிட்ட தண்டு மீண்டும் சுருங்குவதில்லை.

நிழலில் வளர்ந்த செடியை ஒரே நாளில் முழு வெயிலுக்கு மாற்றுவதும் அதற்கிணையான தீங்குதான். வெண்பொடி வெயிலைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் நிழலில் விரிந்த இலையில் அப்பொடி மெல்லியதாகவே இருக்கும். நாளுக்கு ஒரு மணி நேரம் தொடங்கி, இரண்டு வாரங்களில் படிப்படியாக வெயிலைக் கூட்ட வேண்டும். கோடையின் உச்சத்தில் பிற்பகல் வெயிலை மறைக்க 30 முதல் 50 விழுக்காடு நிழல்வலை கட்டுவது பெரிய இலையுள்ள எச்செவேரியாக்களுக்கு அவசியமாகவே இருக்கும். வெயிலில் கருகிய இலையில் பழுப்பு நிறத் தழும்பு நிலையாகிவிடும். அதற்கு மருந்து ஏதுமில்லை.

தண்ணீர் ஊற்றுவது எப்படி, எப்போது?

நாட்களை எண்ணி ஊற்றக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை என்று பலரும் கூறும் கணக்குகள் தொட்டியின் அளவு, கலவை, காற்று, பருவம் ஆகிய அனைத்தையும் மறந்த கணக்குகள். கலவை அடிவரை உலர்ந்திருக்கிறதா என்று ஒரு மெல்லிய மரக்குச்சியை இறக்கிப் பார்க்கலாம். தொட்டியைத் தூக்கி அதன் எடையால் அறிவது இன்னும் எளிது. அதன்பிறகு செடியைப் பார்க்க வேண்டும். கீழ் அடுக்கு இலைகள் சற்றே மென்மையாகி மெல்லிய சுருக்கங்கள் தோன்றினால் அது தாகம். இலைகள் ஒளி ஊடுருவும்படி மஞ்சளித்து, தொட்டால் நீர்க்கொப்புளம் போல் நைந்தால் அது மிகுநீர். பொடியுள்ள இலையைத் தொட்டுப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டியிருப்பதால், கடைசி அடுக்கில் ஏதாவது ஓர் இலையின் அடிப்புறத்தை மட்டும் இச்சோதனைக்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.

ஊற்றும்போது அடித்துளை வழியே நீர் வெளியேறும்வரை முழுமையாக ஊற்றி, அடுத்தமுறை உலரும்வரை நிறுத்திவிட வேண்டும். நாள்தோறும் சிறிது தெளிப்பது வேரை மேற்பரப்பிலேயே நிறுத்திவிடும். இலைமேல் தெளிப்பதோ வெண்பொடியைச் சிறிது சிறிதாகக் கழுவிவிடும். நீண்ட மூக்குள்ள குவளையால் இலைக்கொத்தின் கீழே மண்ணில் நேரடியாக ஊற்றலாம். தொட்டியை நீர் நிறைந்த தட்டில் அரைமணி நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சச் செய்வதும் நல்ல முறைதான்; ஆயினும் அதையே தொடர்ந்து செய்தால் உப்புகள் மேற்பரப்பில் சேரும் என்பதால் இடையிடையே மேலிருந்தும் ஊற்றிக் கழுவ வேண்டும்.

உப்புநீர் அல்லது கடினநீர் இலையில் பட்டுக் காய்ந்தால் சுண்ணாம்புப் புள்ளிகள் தங்கிவிடும். அவற்றைத் துடைத்தால் பொடியும் சேர்ந்து போய்விடும். இயன்றபோது மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துவது, இத்தாவரங்களைப் பொறுத்தவரை, எந்த உரத்தையும்விட இலையின் தோற்றத்துக்குப் பயனளிக்கும்.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் இவை திடீரென அழுகுவது ஏன்?

இத்தாவரங்கள் பகலில் இலைத்துளைகளை மூடி வைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்று, அமிலமாகச் சேமித்து, மறுநாள் பகலில் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகின்றன. கிராசுலேசி குடும்பத்தில் முதலில் நன்கு ஆராயப்பட்டதால் இம்முறைக்கு அக்குடும்பத்தின் பெயரே நிலைத்துவிட்டது. இரவு குளிர்ந்திருந்தால் இந்த ஏற்பாடு செம்மையாக நடக்கும். இரவிலும் வெப்பம் தணியாமல், காற்றும் அசையாமல், ஈரம் மிகுந்திருந்தால் செடியின் செயல்பாடு மந்தமாகி, வேர் நீரை எடுப்பதும் குறைந்துவிடுகிறது. அந்நேரத்தில் பகலின் வெப்பத்தை மட்டும் கண்டு இரக்கப்பட்டு நாம் ஊற்றும் நீர் வேரைச் சுற்றித் தேங்கி, பூஞ்சைகளுக்கு உகந்த சூழலை உருவாக்கிவிடுகிறது. ஆகவே இத்தகைய இடங்களில் கோடைக் காலத்தில் நீரைக் குறைக்க வேண்டும். ஊற்றுவதென்றால் மாலை குளிர்ந்தபின் ஊற்ற வேண்டும். செடிகளுக்கிடையே இடைவெளி விட்டுக் காற்றோட்டம் தருவது நீரைக் குறைப்பதற்கு இணையான மதிப்புடையது.

தண்டின் அடி கறுத்து மென்மையாகிவிட்டால் காத்திருக்க வேண்டாம். கூர்மையான, தூய்மைசெய்த கத்தியால் அழுகலுக்கு மேலே வெட்டி, வெட்டுப்பரப்பில் பழுப்பு வளையமோ புள்ளியோ இல்லாமல் தூய பச்சை வெண்மை தெரியும்வரை மேலே மேலே சீவி, பிறகு உலர வைத்து வேரூன்றச் செய்யலாம்.

தொடர்மழைக் காலத்தில் என்ன செய்வது?

தொட்டிகளைக் கூரையின் கீழ் மாற்றுங்கள். நிலத்திலுள்ளவற்றுக்கு மேலே ஒளி புகும் தகட்டைச் சாய்வாக நிறுத்தி, பக்கங்களைத் திறந்தே விடுங்கள். பக்கங்களை மூடினால் மழையைவிட அதிகத் தீங்கு நேரும்.

பனி, உறைபனி ஆகியவற்றைத் தாங்குமா?

எச்செவேரியா வழிவந்த கலப்பினங்களில் பெரும்பாலானவை உறைபனியைத் தாங்குவதில்லை. வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் நாட்களில் அவற்றை உள்ளே எடுத்துச் செல்வதும், அக்காலத்தில் கலவையை ஏறக்குறைய உலர்ந்தே வைத்திருப்பதும் பாதுகாப்பு. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து விரியும்போது திசுக்கள் உடைந்து, மறுநாள் இலை கண்ணாடி போலாகி நைந்துவிடும். உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் ஒளிமிக்க பகலும் சேர்ந்த பருவத்திலோ நிறம் மிகச் சிறந்து விளங்கும். வெள்ளியின் ஓரத்தில் இளஞ்சிவப்பும் ஊதாவும் தோன்றுவது அப்போதுதான்.

உரம் இட வேண்டுமா?

மிகக் குறைவாக. வளரும் பருவத்தில், தழைச்சத்து குறைந்த நீர்ம உரத்தை உறையில் குறிப்பிட்ட அளவில் கால் பங்காகக் கரைத்து, ஓரிருமுறை கொடுத்தால் போதும். தழைச்சத்து மிகுந்தால் இலை பெருத்து, மென்மையாகி, பச்சை மேலோங்கும். மாவுப்பூச்சியும் அத்தகைய இளந்திசுவையே விரும்பி வரும்.

பூச்சி, நோய் வந்தால் வெண்பொடியைக் கெடுக்காமல் எப்படிக் காப்பாற்றுவது?

பிற செடிகளுக்கு நாம் தயங்காமல் பயன்படுத்தும் பொருள்களே இங்கே தீங்காகிவிடுகின்றன என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். வேப்பெண்ணெய், தோட்டக்கலை எண்ணெய்கள், சோப்புக் கரைசல், ஆல்கஹால் ஆகிய அனைத்தும் மெழுகைக் கரைக்கவோ கழுவவோ செய்பவை. அவற்றை இலைமேல் தெளித்தால் பூச்சியோடு வெள்ளிநிறமும் போய்விடும். எண்ணெய் பூசிய இலை வெயிலில் வெந்துபோவதும் உண்டு.

மாவுப்பூச்சிதான் முதன்மையான எதிரி. வெண்மையான செடியில் வெண்மையான பூச்சி இருப்பதால் அது பெருகும்வரை கண்ணில் படாமலே போகிறது. வெண்பொடி இலை முழுதும் சீராகப் படிந்திருக்கும். பூச்சி இருந்தால் இலைக்கக்கத்திலும் நடுக்குருத்திலும் பஞ்சுத் திரள் போலத் திட்டுத்திட்டாகத் தெரியும். எறும்புகள் செடியில் ஏறி இறங்குவதும், புதிய இலைகள் கோணலாக விரிவதும் துணை அறிகுறிகள். ஓரிரண்டு பூச்சிகள் என்றால் 70 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த நுண்ணிய தூரிகை முனையால் பூச்சியை மட்டும் தொட வேண்டும்; அச்சிறு இடத்தில் பொடி போவதை ஏற்றுக்கொள்ளலாம். பரவிவிட்டதென்றால் செடியைத் தனிமைப்படுத்தி, பழுதுபட்ட கீழ் இலைகளை நீக்கி, பூங்கன்றுகளுக்கென அனுமதிக்கப்பட்ட ஊடுருவும் பூச்சிமருந்தை உறையிலுள்ள அறிவுரைப்படி வேரில் ஊற்றுவதே இலையைக் காக்கும் வழி. பூத்திருக்கும் வேளையில் அவ்வாறு செய்தால் தேனீக்களுக்குக் கேடு விளையும் என்பதால், பூந்தண்டுகளை முன்னதாக வெட்டிவிடுங்கள்.

போதுமான நீரும் ஒளியும் இருந்தும் செடி வாடியே இருக்குமானால் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்க்க வேண்டும். வேரில் வெண்ணிறப் பொடி ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. வேரை முழுதும் கழுவி, பாதிக்கப்பட்டவற்றை நறுக்கி, சில நாட்கள் உலர்த்தி, புதிய கலவையில் நடுவது பெரும்பாலும் பலன் தருகிறது. பூந்தண்டுகளில் கூட்டமாக வரும் அசுவினியை அத்தண்டோடு வெட்டி அகற்றிவிட்டாலே போதும். நத்தைகளை இரவில் கையால் பொறுக்குங்கள்.

சாம்பல் நோய் என்னும் பூஞ்சையையும் சிலர் வெண்பொடி என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். அது வட்டத் திட்டுகளாகத் தொடங்கிப் பரவும். அடியில் பழுப்புத் தழும்பை விட்டுச்செல்லும். உரோம இலையுள்ள கலங்கோக்களில் இதைக் கூடுதல் கவனத்தோடு தேட வேண்டும்.

இலையிலிருந்து புதுச் செடி உண்டாக்க முடியுமா?

வகையைப் பொறுத்தது. கிராப்டோபெட்டாலம், பேக்கிஃபைட்டம் ஆகியவற்றின் வழிவந்த பருத்த இலைகள் எளிதில் முளைக்கும். இலையைப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்து, அடிப்பகுதி கிழியாமல் முழுதாகப் பிரித்தெடுத்து, நிழலில் சில நாட்கள் உலர்த்தி, உலர்ந்த கலவையின்மேல் படுக்க வைத்தால், சில வாரங்களில் இளஞ்சிவப்பு வேர்களும் சிறு கொத்தும் தோன்றும். வேர் வந்தபின்னரே ஈரம் தர வேண்டும். கிப்பிஃப்ளோரா வழிவந்த பெரிய இலை எச்செவேரியாக்களில் இம்முறை பெரும்பாலும் தோல்வியடையும். அவற்றில் பூந்தண்டின்மேல் இருக்கும் சிற்றிலைகளை எடுத்து முயல்வது நல்ல பலன் தருகிறது. மங்காவே இலையிலிருந்து முளைக்காது, பக்கக்கன்றுகளால் மட்டுமே பெருகும். டட்லியாவுக்கும் இலைமுறை பயன்படாது.

நீண்டுவிட்ட செடியைச் சீராக்க, கொத்துக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. தண்டு விட்டு வெட்ட வேண்டும். வெட்டிய தலையைத் தண்டு கீழ்நோக்கி இருக்குமாறு வெற்றுத் தொட்டியின் விளிம்பில் தாங்க வைத்து, வெட்டுக்காயம் நன்கு உலர்ந்தபின் நட்டால் இலைகளைத் தொடாமலே வேலை முடியும். எஞ்சிய அடித்தண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதிலிருந்து பல பக்கக்கன்றுகள் கிளைக்கும்.

கலப்பினத்தின் விதையை நட்டால் அதே செடி கிடைக்குமா?

கிடைக்காது. பல கலப்பினங்கள் மலடானவை. வளமானவற்றின் விதையிலிருந்தும் இரு பக்கத்து மூதாதையரின் பண்புகள் பலவாறாகப் பிரிந்த நாற்றுகளே வரும். அந்த நாற்றுகளுக்குத் தாய்ச்செடியின் வகைப்பெயரைச் சூட்டிப் பிறருக்குக் கொடுப்பது முறையன்று. பெயர் பெற்ற வகை என்பது இலை, தண்டு, கன்று ஆகியவற்றால் மட்டும் வழிவழியாகக் கைமாறுவது. எங்கோ ஒரு வளர்ப்பாளர் பல நாற்றுகளுள் தேர்ந்தெடுத்த ஒரே செடியின் உடலே இன்று நம் தோட்டத்திலும் இருக்கிறது என்பதை எண்ணும்போது, பெயர்ச்சீட்டைத் தொலைக்காமல் காப்பதன் தேவை விளங்கும்.

பூத்தபின் செடி இறந்துவிடுமா?

எச்செவேரியாவும் கிராப்டோவேரியாவும் இறப்பதில்லை, ஆண்டுதோறும் பூக்கும். மங்காவேயில் பூத்த இலைக்கொத்து மட்டும் மடிந்து, பக்கக்கன்றுகள் தொடரும். நலிந்த செடியில் பூந்தண்டு எழுந்தால் வெட்டிவிடுவது அதற்கு ஓய்வளிக்கும்.

குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் இவற்றை வளர்க்கலாமா?

எச்செவேரியாவும் கிராப்டோபெட்டாலமும் நாய்க்கும் பூனைக்கும் நச்சற்றவையாகக் கருதப்படுகின்றன. வெள்ளிநிற இலைகொண்ட கோட்டிலிடான் ஆர்பிகுலாட்டாவும் கலங்கோக்களும் அவ்வாறல்ல; இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் அவற்றில் உள்ளன, கால்நடைகள் அவற்றைத் தின்று இறந்துள்ளன. இவ்விரண்டையும் எட்டாத இடத்தில் வைப்பதோ, முற்றிலும் தவிர்ப்பதோ நல்லது.

வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கொத்தின் நடு இறுக்கமாக இருக்கிறதா, இலைக்கக்கங்கள் பஞ்சின்றித் தூய்மையாக உள்ளனவா, தண்டின் அடி உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொடி சற்றே அழிந்திருப்பது குறையன்று, புது இலைகள் அதை ஈடுசெய்யும். இலைமேல் வெள்ளி வண்ணமும் மினுக்குத் தூளும் தெளித்து விற்கப்படும் செடிகளை வாங்க வேண்டாம். அந்த வண்ணம் ஒளியை மறைத்து இலையைத் திணறச் செய்கிறது, இயற்கையான வெண்பொடியையும் அழித்துவிடுகிறது.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெண்மையான டட்லியாக்களை கலிபோர்னியாவின் கடலோரப் பாறைகளிலிருந்து பெயர்த்தெடுத்துக் கள்ளத்தனமாக விற்பது பெருகியதனால், அம்மாநிலம் 2021இல் அதற்கெதிராகத் தனிச் சட்டமே இயற்றியது. வேர்கள் ஒடிந்து, தண்டு முதிர்ந்து, இலைகளில் காற்றும் பூச்சியும் பட்ட தழும்புகளோடு, தொட்டியில் வளர்ந்த அடையாளமே இல்லாமல் ஒரு பெரிய டட்லியா விற்பனைக்கு வந்தால் அதை வாங்காமல் விடுங்கள். கலப்பினங்களோ மனிதர் கையில் பிறந்து, மனிதர் கையிலேயே பெருக்கப்படுபவை. டட்லியாவின் வெண்மையை விரும்பும் ஒருவருக்கு ‘லாவ்லிண்ட்சா’வின் ஒரு பக்கக்கன்று, எந்தப் பாறையையும் வெறுமையாக்காமல், ஏறக்குறைய அதே வெண்மையைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும்.